78 வெற்றி, 2 சாம்பியன்ஷிப், ஆனா ரெக்கார்டு புக்ல ஒரு வரி இல்ல: டபிள்யூஎன்பிஏ நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க பெண்கள் பாஸ்கெட்பால் லீக்கான டபிள்யூஎன்பிஏவோட கமிஷனர் அவர்களுக்கும், லீக்கோட ரெக்கார்டு, வரலாறு இதெல்லாம் பாத்துக்குற ஆபிஸ்ல இருக்குற எல்லாருக்கும், வணக்கம்.

நான் ஓஹாயோ மாநிலம் கொலம்பஸ்ல குடியிருக்குறவ. ஸ்கூல் நாள்ல இருந்தே பாஸ்கெட்பால்னா எனக்கு உயிர், மேட்ச் பாக்கும்போது ஸ்கோர் கூட்டுறது கழிக்கிறது எல்லாம் மனசுல தமிழ்லதான் ஓடும், அதனால இந்த மடலையும் தமிழ்லயே எழுதுறேன். மொதல்ல எங்க ஆளுங்க படிக்கட்டும், மொழிபெயர்த்து உங்க கைக்கு அனுப்புற வேலைய நாங்க பாத்துக்குறோம்.

விஷயத்துக்கு வந்துடுறேன். 1996 அக்டோபர்ல இருந்து 1998 டிசம்பர் வரைக்கும் ஏபிஎல்னு ஒரு பெண்கள் ப்ரோ லீக் இந்த நாட்டுல நடந்துச்சு. அதுல எங்க ஊர் டீம் கொலம்பஸ் குவெஸ்ட். நடந்து முடிஞ்ச சீசன் ரெண்டு, ரெண்டுலயும் சாம்பியன் அவங்கதான். மூணாவது சீசன் பாதியில லீக்கையே இழுத்து மூடிட்டாங்க. அந்த ரெண்டரை சீசன்ல ஆடுன மேட்ச், போட்ட பாயிண்ட், ஜெயிச்ச சாம்பியன்ஷிப் எதுவுமே உங்க ரெக்கார்டுல இல்ல. அதை உள்ள கொண்டு வாங்க. நான் கேக்குறது இவ்வளவுதான்.

இப்ப ஏன் கேக்குறேன்னா, 2025 ஜூன் கடைசியில நீங்க ஒரு அறிவிப்பு குடுத்தீங்க, 2028ல கிளீவ்லாண்ட், 2029ல டெட்ராய்ட், 2030ல பிலடெல்பியான்னு மூணு ஊருக்கு புது டீம். ஓஹாயோல எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம். அன்னிலேர்ந்து கேக்குற பேச்செல்லாம் கிளீவ்லாண்ட் ராக்கர்ஸ் பத்தித்தான், 1997ல ஆரம்பிச்சு 2003 வரைக்கும் ஆடுன டீம், அவங்களை நினைச்சுப் பேசுறது நியாயம்தான். ஆனா ராக்கர்ஸ் முதல் மேட்ச் ஆடுறதுக்கு முன்னாடியே இதே மாநிலத்துல, ரெண்டு மணி நேர டிரைவ் தூரத்துல, ஒரு டீம் ஒரு சீசன் முழுக்க ஆடி சாம்பியனும் ஆயிருந்துச்சு. 1997 மார்ச்ல குவெஸ்ட் ஜெயிச்சது, உங்க முதல் சீசன் ஆரம்பிச்சதே 1997 ஜூன் 21, ஹூஸ்டன் காமெட்ஸ் உங்க முதல் சாம்பியன் ஆனது ஆகஸ்ட் கடைசி. அஞ்சு மாசம் முந்தி. இந்த தேதிகளை வரிசையா வெச்சுப் பாத்தாலே நான் எதுக்கு இவ்வளவு மனசு கெடந்து அடிச்சுக்குறேன்னு உங்களுக்குப் புரியும்.

டவுன்டவுன்ல இருக்குற கன்வென்ஷன் சென்டர்ல பேட்டெல் கிராண்ட்னு ஒரு பெரிய பால்ரூம் இருக்கு. ஆபிஸ் விழா, கான்பரன்ஸ்னு ஏதாவது ஒண்ணு அங்க நடந்துகிட்டே இருக்கும், நானும் போயிருக்கேன், தரை பூரா கார்பெட், வட்ட மேசை, வெள்ளை விரிப்பு, ஒரு ஓரத்துல காபி. அந்த இடம் முன்ன பேட்டெல் ஹால், அங்கதான் குவெஸ்ட் ஹோம் மேட்ச் ஆடுனாங்க. பிரம்மாண்டமான அரங்கம்னு சொல்ல முடியாது, கன்வென்ஷன் சென்டருக்குள்ள இருந்த ஒரு ஹால், அவ்வளவுதான். அங்க நின்னுக்கிட்டு இங்க எங்க கூடை இருந்திருக்கும், அந்த டீமோட கேட்டி ஸ்மித் எந்த மூலையில இருந்து மூணு பாயிண்ட் ஷாட் போட்டிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன், ஒரு அடையாளமும் தெரியல. கூட வந்த ஆபிஸ் ஃப்ரெண்ட் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்க, அவங்களுக்கே குவெஸ்ட்ங்கற பேரு தெரியல. கட்டிடம் மாறும், அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ரெக்கார்டு புக் அப்படி மாறிப் போற பொருள் இல்லையே, அது உங்க கையில இருக்கு.

குவெஸ்ட் பத்தித் தெரியாதவங்களும் இதைப் படிப்பாங்க, அதனால கொஞ்சம் விவரமா சொல்லிடுறேன்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்க்கு முன்னாடி அமெரிக்க பெண்கள் டீம் உலகம் பூரா சுத்தி 52 மேட்ச் ஆடி 52லயும் ஜெயிச்சாங்க, ஒலிம்பிக்ஸ்ல இன்னொரு 8, மொத்தம் 60க்கு 60. தங்க மெடலோட வந்தவங்களுக்கு சொந்த நாட்டுல ஆடுறதுக்கு ஒரு லீக் கிடையாது, அதுவரைக்கும் காலேஜ் முடிச்சா இத்தாலி, ஜப்பான்னு பொட்டியைக் கட்டணும், இல்லன்னா ஷூவைக் கழட்டி வெச்சுடணும், இதுதான் நிலைமை. அந்த நேரத்துல கலிபோர்னியா பாலோ ஆல்டோல கேரி கவாலி, ஆன் கிரிப்ஸ், ஸ்டீவ் ஹாம்ஸ்னு மூணு பேரு சேர்ந்து 1995லயே ஏபிஎல் ஆரம்பிக்கப் போறோம்னு சொல்லிட்டாங்க. ஆண்கள் லீக்கான என்பிஏவோட முதலாளிங்க உங்க லீக்குக்கு ஓகே சொன்னது 1996 ஏப்ரல். ரெண்டு லீக்கும் வீராங்கனைங்களைத் தேடுனப்ப அந்த ஒலிம்பிக்ஸ் டீம்ல பெரும்பாலானவங்க போனது ஏபிஎல் பக்கம். லிசா லெஸ்லி, ஷெரில் ஸ்வூப்ஸ், ரெபெக்கா லோபோ உங்க பக்கம் வந்தாங்க. தெரேசா எட்வர்ட்ஸ், டான் ஸ்டேலி, ஜெனிஃபர் அஸி, நிக்கி மெக்ரே எல்லாம் அங்க போனாங்க.

ஏன் போனாங்கன்னு பாத்தா காரணம் சாதாரணமானது. ஏபிஎல்ல குறைஞ்ச சம்பளமே வருஷத்துக்கு 40,000 டாலர், சராசரி 70,000 டாலர் பக்கம். உங்க முதல் சீசன்ல 15,000 டாலருக்கு ஆடுனவங்க இருந்தாங்க. முதல் வருஷம் அங்க ஒவ்வொரு டீமுக்கும் 40 மேட்ச், உங்ககிட்ட 28. அவங்க குளிர்காலத்துல ஆடுனாங்க, பாஸ்கெட்பால் எப்ப ஆடணுமோ அப்ப. ஆனா அதே குளிர்காலத்துலதான் என்பிஏவும் நடக்குது, காலேஜ் பாஸ்கெட்பாலும் நடக்குது, டிவில நல்ல நேரம் எல்லாம் அவங்களுக்குப் போயிடும், ஸ்பான்சர் காசும் அவங்ககிட்டயே போயிடும். உங்களுக்கு என்பிசி, இஎஸ்பிஎன், லைஃப்டைம்னு மூணு சேனல், பின்னாடி என்பிஏ. அவங்களுக்கு டிவில பேர் சொல்ற மாதிரி ஒண்ணும் அமையல. நல்ல சம்பளம் குடுத்துட்டு வருமானம் வராம எத்தனை நாள் தாங்கும்.

குவெஸ்ட் டீமைப் பத்தி பேசணும்னா மொதல்ல கேட்டி ஸ்மித். லோகன்னு இங்கிருந்து ஒரு மணி நேரத்துல இருக்குற சின்ன ஊர்ல வளர்ந்தவங்க, ஓஹாயோ ஸ்டேட் யூனிவர்சிட்டில படிச்சு ஆடுனவங்க, அந்த யூனிவர்சிட்டில பெண்கள்ல முதல் முதலா ஜெர்ஸி நம்பர ரிட்டயர் பண்ணது (இனி அந்த நம்பரை வேற யாரும் போடக்கூடாதுன்னு கௌரவிக்கிறது) அவங்களோட 30தான். காலேஜ் முடிச்ச கையோட வீட்டுப் பக்கத்துலயே ப்ரோ டீம் கிடைக்குது, ஒரு பொண்ணுக்கு 1996ல அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. கூட நிக்கி மெக்ரே, முதல் சீசன்ல லீக்கோட எம்விபி, அதாவது சிறந்த வீராங்கனை. டோன்யா எட்வர்ட்ஸ், 1988 ஒலிம்பிக்ஸ் தங்கம் வாங்குன ஆண்ட்ரியா லாய்ட், அடுத்து பீவீன்னு எல்லாரும் கூப்பிட்ட ஷானன் ஜான்சன், ஸோன்யா டேட். கோச் பிரையன் ஆக்லர்.

எனக்கு இந்த டீம்ல ரொம்பப் பிடிச்சது வலேரி ஸ்டில். கென்டக்கி யூனிவர்சிட்டில 2,763 பாயிண்ட் போட்டுட்டு வெளிய வந்தவங்க, 1983ல அந்தத் திறமைக்கு இந்த நாட்டுல ஒரு வேலை இல்ல, நேரா இத்தாலி போய் வருஷக்கணக்கா அங்கயே ஆடுனாங்க. நல்லா ஆடுற வயசு முழுக்க கடல் தாண்டிப் போயிடுச்சு, இங்க ஒருத்தரும் பாக்கல. ஏபிஎல் ஆரம்பிச்சப்ப அவங்களுக்கு 35. அந்த வயசுல வந்து 1997 ஃபைனல்ஸ் எம்விபி, அடுத்த வருஷம் 1998 ஃபைனல்ஸ்லயும் எம்விபி. ரெண்டு தடவை! இதை நான் மொதல்ல படிச்சப்ப திரும்ப ஒரு தடவை படிச்சேன். இவங்க பேரை உங்க வரலாற்றுல தேடுனா 1999 வாஷிங்டன் மிஸ்டிக்ஸ்ல கொஞ்ச மேட்ச் ஆடுன ஒரு வயசான வீராங்கனை, அவ்வளவுதான் தெரியும். 2019ல பெண்கள் பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல அவங்களைச் சேத்துக்கிட்டாங்க, அந்த ஹால்காரங்களுக்கு இவங்க அருமை தெரிஞ்சிருக்கு.

முதல் சீசன் 31 வெற்றி 9 தோல்வி. ஃபைனல்ஸ்ல ரிச்மண்ட் ரேஜ், அந்தப் பக்கம் டான் ஸ்டேலி. அஞ்சு மேட்ச் சீரிஸ், ஒரு கட்டத்துல 1க்கு 2ன்னு குவெஸ்ட் பின்னாடி இருந்தாங்க, இன்னும் ஒண்ணு தோத்தா முடிஞ்சுது. நாலாவதை ஜெயிச்சு அஞ்சாவதையும் ஜெயிச்சாங்க. அந்த சீசன் முடிஞ்சதும் எம்விபி மெக்ரே உங்க லீக்குக்கு வந்துட்டாங்க, வாஷிங்டன் மிஸ்டிக்ஸ்ல ஆடுனாங்க, அது அவங்க உரிமை. (மெக்ரே 2023 ஜூலைல 51 வயசுல காலமாயிட்டாங்க, அவங்க குவெஸ்ட்ல ஆடுன வருஷத்தைப் பத்தி நீங்க ஏதாவது சொல்லணும்னா கேக்குறதுக்கு அவங்க இல்ல.) லீக்லயே பெஸ்ட் பிளேயர் போயிட்டா டீம் படுத்துடும்னுதான் யாரும் நினைப்பாங்க. இவங்க அடுத்த சீசன் 36க்கு 8! ஃபைனல்ஸ்ல லாங் பீச் ஸ்டிங்ரேஸ், யோலண்டா கிரிஃபித் இருந்த டீம், முதல் ரெண்டு மேட்சும் லாங் பீச் ஜெயிச்சுட்டாங்க. 0க்கு 2. அங்கிருந்து வரிசையா மூணு மேட்ச் ஜெயிச்சு 3க்கு 2ன்னு சீரிஸை எடுத்தாங்க. எந்த லீக்கா இருந்தாலும், ஆணோ பெண்ணோ, ஃபைனல்ஸ்ல இப்படி ஒரு மீட்சி நடந்தா அதை வருஷா வருஷம் டிவில போட்டுக் காட்டுவாங்க. இதை யாரு காட்டுறா?

மூணாவது சீசன் 11க்கு 3ன்னு போய்க்கிட்டு இருந்தாங்க, மறுபடியும் லீக்ல மேல. 1998 டிசம்பர் 22, கிறிஸ்துமஸுக்கு மூணு நாள் இருக்கு, ஏபிஎல் காசு தீர்ந்து போய் திவால்னு அறிவிச்சாங்க. சீசன் நடுவுல. லீக் மூடுனா எல்லா டீமும் அன்னிக்கே முடிஞ்சுது. மொத்தக் கணக்கு 78 வெற்றி, 20 தோல்வி, ஃபைனல்ஸ் ரெண்டு, ரெண்டுலயும் சாம்பியன். தோத்து ஓஞ்சு போய் மூடுன டீம் இல்ல இது, கடைசி நாள் வரைக்கும் நடப்பு சாம்பியன்.

இங்க ஒண்ணு வெளிப்படையா சொல்லிடுறேன். உங்க லீக் மேல எனக்குக் கோபம் கிடையாது. 1999க்கு அப்புறம் இந்த ஆட்டத்தை அணையாம பாத்துக்கிட்டது நீங்க, கூட்டம் வராத வருஷத்துலயும் நடத்துனீங்க, இன்னிக்கு அரங்கம் நிரம்புதுன்னா அந்தப் பொறுமையும் ஒரு காரணம். ஆனா 1999ல உங்களுக்கு வந்து சேர்ந்தது யாருன்னு ஒரு நிமிஷம் பாருங்க. டீமுங்க புது வீராங்கனைங்களை வரிசையா தேர்ந்தெடுக்குற டிராஃப்ட்ல அந்த வருஷம் முதல் பிக் ஷமீக் ஹோல்ட்ஸ்க்லா, காலேஜ்ல இருந்து வந்தவங்க. அடுத்த நாலு பேர், யோலண்டா கிரிஃபித், நட்டலி வில்லியம்ஸ், டெலீஷா மில்டன், ஜெனிஃபர் அஸி, நாலு பேருமே ஏபிஎல். கிரிஃபித் வந்த வருஷமே உங்க எம்விபி. ஏபிஎல்ல இருந்து நெறைய பேர் வந்தா ஏற்கனவே ஆடிக்கிட்டு இருக்குறவங்க வேலை போயிடும்னு, ஒரு டீம் இத்தனை ஏபிஎல் வீராங்கனைங்களைத்தான் எடுக்கலாம்னு அப்ப ஒரு வரம்பே போட்டீங்க. வரம்பு போட்டுத் தடுக்குற அளவுக்கு தரமான ஆளுங்க இருந்த லீக்னு அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அப்புறம் அவங்க அதுக்கு முன்னாடி ஆடுன ஆட்டத்துக்கு மட்டும் ஏன் கணக்கு இல்ல?

மினசோட்டா லிங்க்ஸ் 1999ல ஆரம்பிச்சப்ப அவங்க முதல் கோச் பிரையன் ஆக்லர். கேட்டி ஸ்மித், டோன்யா எட்வர்ட்ஸ், ஆண்ட்ரியா லாய்ட், ஸோன்யா டேட் நாலு பேரும் அங்க ஆடுனாங்க. கொலம்பஸ்ல உருவான டீமோட முக்கால்வாசி மினியாபொலிஸ்ல புது ஜெர்ஸி போட்டு நின்னுச்சுன்னே சொல்லலாம். ஆக்லர் 2010ல சியாட்டில் ஸ்டார்ம், 2016ல லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ்னு உங்க லீக்ல ரெண்டு சாம்பியன்ஷிப் வாங்கிட்டாரு. அவரோட முதல் ரெண்டு சாம்பியன்ஷிப் எங்க ஊர்ல வாங்குனது.

ஆட்டத்தையே எடுத்துக்கோங்க. ஏபிஎல்ல முதல் நாள்ல இருந்தே 10 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர், பந்து கையில வந்தா கூடையைப் பாத்து எறியறதுக்கு 25 செகண்ட் ஷாட் கிளாக். உங்ககிட்ட 20 நிமிஷம் வீதம் ரெண்டு பாதி, 30 செகண்ட். 2006லதான் நீங்க நாலு குவார்ட்டர், 24 செகண்டுக்கு மாறுனீங்க. 1998 ஜனவரில ஏபிஎல் ஆல் ஸ்டார் அன்னிக்கு பெண்களுக்கு டங்க் (தாவிப் போய் பந்தைக் கூடைக்குள்ள அழுத்திப் போடுறது) போட்டி வெச்சாங்க, கொலராடோ எக்ஸ்ப்ளோஷன் டீம்ல இருந்த சில்வியா க்ராலி கண்ணைக் கட்டிக்கிட்டு ஓடி வந்து டங்க் அடிச்சு ஜெயிச்சாங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு! காலடியை மனசுல எண்ணிக்கிட்டு, எங்க தாவணும்னு உடம்புக்கே தெரிஞ்சிருக்கணும், அந்த அளவு பயிற்சி. பொண்ணுங்களால டங்க் அடிக்க முடியுமான்னு இன்னிக்கும் ஆன்லைன்ல வாய்ச்சண்டை போடுறவனுக்கு இந்த ஒரு வீடியோ போதும், ஆனா அதுவும் ஏதோ ஒரு மூலையில மங்கலா கெடக்கு.

சரி, நீங்க என்ன பதில் சொல்லுவீங்கன்னு எனக்கு ஓரளவு தெரியும், இதைப் பத்திப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் சொல்றதுதான். அது வேற கம்பெனி, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, இணைப்பு கூட நடக்கல, அப்படியே மூடிட்டுப் போயிட்டாங்க. எங்க லீக் ரெக்கார்டு எங்க லீக்கோடதுன்னு.

உங்க தாய் வீடு என்பிஏ என்ன பண்ணுதுன்னு பாருங்க. என்பிஏ தன்னோட வரலாறு 1946ல ஆரம்பிக்குதுன்னு சொல்லுது, ஆனா 1946ல இருந்த லீக்கோட பேரு பிஏஏ, அது இன்னொரு லீக்கோட சேர்ந்து என்பிஏன்னு பேரு மாறுனது 1949ல. அந்த பிஏஏ காலத்துல 1948 சாம்பியன் யாருன்னா பால்டிமோர் புல்லட்ஸ், இப்ப இருக்குற வாஷிங்டன் டீமுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, அது வேற பழைய டீம். அந்த டீம் 1954 நவம்பர்ல சீசன் நடுவுல, 3 வெற்றி 11 தோல்வின்னு இருக்கும்போது மூடிட்டாங்க. இன்னிக்கும் என்பிஏ சாம்பியன் பட்டியலைத் திறந்தா 1948க்கு நேரா பால்டிமோர் இருக்கு. யாரும் அழிக்கல, அழிக்கணும்னு யாருக்கும் தோணவும் இல்ல. 3க்கு 11ன்னு சீசன் நடுவுல காணாமப் போன டீமோட பழைய சாம்பியன்ஷிப்புக்கு இடம் இருக்கு, 11க்கு 3ன்னு சீசன் நடுவுல லீக்கோட போன எங்க டீமுக்கு இல்ல. டொரான்டோ ஹஸ்கீஸ்னு ஒரே ஒரு சீசன் ஆடுன டீம், 1946 நவம்பர் 1 அன்னிக்கு நியூயார்க் நிக்ஸ்கிட்ட 66க்கு 68ன்னு தோத்தாங்க, அந்த மேட்சைத்தான் என்பிஏ தன்னோட முதல் மேட்ச்னு கொண்டாடுது. உங்க பட்டியலையே எடுத்துக்கோங்க, ஹூஸ்டன் காமெட்ஸ் 2008ல மூடியாச்சு, 1997ல இருந்து 2000 வரைக்கும் நாலு சாம்பியன்ஷிப்பும் அப்படியே இருக்கு, இருக்கணும். மூடிப்போனது ஒரு காரணமே இல்லன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதான்.

வேற கம்பெனிங்கறது காரணமான்னா, பேஸ்பால்காரங்க அதுக்கும் பதில் சொல்லிட்டாங்க. கறுப்பின வீரர்களை உள்ள விடாம ஒதுக்கி வெச்ச காலத்துல அவங்களுக்குன்னு நடந்த நீக்ரோ லீக்ஸ், அதை 2020 டிசம்பர்ல பேஸ்பாலோட பெரிய லீக்கான எம்எல்பி மேஜர் லீக்னு ஏத்துக்கிச்சு. 2024 மே மாசம் அந்தப் புள்ளிவிவரத்தை எல்லாம் ரெக்கார்டுல சேத்தாங்க, அதுல ஆடுன ஜாஷ் கிப்ஸன் .372 பேட்டிங் சராசரியோட டை காப்பைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தாரு. அந்த அநியாயத்தையும் ஏபிஎல் கதையையும் நான் சமமா வெக்கல, வெக்கவும் கூடாது, அது ஒரு இனத்தையே வாசல்ல நிறுத்தி வெச்ச கொடுமை, இது ரெண்டு லீக் போட்டி போட்டு ஒண்ணு தோத்த கதை. நான் சொல்ல வர்றது வேலை முறையை மட்டும்தான்: வேற முதலாளி, வேற லீக், எப்பவோ மூடிட்டாங்க, பேப்பர்ல வந்த பாக்ஸ் ஸ்கோரை, அதாவது ஒவ்வொரு மேட்சோட புள்ளிக் கணக்கை, தேடித்தேடி எடுக்கணும், அப்படி இருந்தும் பண்ணாங்க. ஏபிஎல் நடந்தது 90கள்ல, ஆடுனவங்கள்ல பெரும்பாலானவங்க நம்ம கூட இருக்காங்க, கோச்சுங்க இருக்காங்க, ஸ்கோர்ஷீட் எழுதுனவங்க இருக்காங்க. இது அதை விட எவ்வளவோ சுலபம்.

என்பிஏவும் 2022ல ஏபிஏ ஆளுங்க விஷயத்துல ஒரு முடிவு எடுத்துச்சு, அந்த பழைய லீக்ல ஆடி பென்ஷன் கிடைக்காம வயசான காலத்துல கஷ்டப்பட்ட சுமார் 115 பேருக்கு 24.5 மில்லியன் டாலர் ஒதுக்குனாங்க. 1976ல முடிஞ்சு போன லீக் அது. நாற்பத்தாறு வருஷம் கழிச்சு, அதுக்குள்ள எத்தனை பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. அவ்வளவு தாமதம் இங்கயும் வேண்டாம்னுதான் சொல்றேன்.

ரெக்கார்டு குழம்பிடும்னு ஒரு கவலை இருக்கும், அது நியாயமான கவலை, நானே நம்பர் பாக்குறவ. ஒண்ணோட ஒண்ணு கலக்கச் சொல்லல. உங்க வெப்சைட்ல ஒரு வீராங்கனை பக்கத்துல டபிள்யூஎன்பிஏ கணக்கு ஒரு வரி, அதுக்குக் கீழ ஏபிஎல் கணக்கு ஒரு வரி, அதுக்கும் கீழ மொத்தம். அவ்வளவுதான் வேணும். கேட்டி ஸ்மித் உங்க லீக்ல போட்டது 6,452 பாயிண்ட். அவங்க 2013ல ரிட்டயர் ஆனப்ப உங்க பட்டியல்ல ரெண்டாவது, முதல்ல டினா தாம்ப்ஸன் 7,488. ஏபிஎல் பாயிண்டையும் கூட்டினா ஸ்மித் அவங்களைத் தாண்டி அன்னிக்கு முதலிடத்துல இருந்திருப்பாங்க. அமெரிக்க மண்ணுல பெண்கள் ப்ரோ பாஸ்கெட்பால்ல அதுவரைக்கும் அதிக பாயிண்ட் போட்டவங்க ஓஹாயோ லோகன்ல வளர்ந்த இந்தப் பொண்ணுதான், இதை எங்க ஊர் ஸ்கூல் பொண்ணுங்க உங்க பக்கத்துல தேடுனா கிடைக்காது. சாம்பியன்ஷிப்பும் அப்படித்தான், டெட்ராய்ட் ஷாக்ல 2006, 2008ன்னு ரெண்டு இருக்கு, குவெஸ்ட்ல வாங்குன 1997, 1998 சேத்தா நாலு.

என் பொண்ணு இங்க ஸ்கூல் டீம்ல ஆடுறா. அவளுக்கு கேட்லின் கிளார்க் தெரியும், ஏஜா வில்சன் தெரியும், சுவரு பூரா போஸ்டர். சவுத் கரோலினா கோச்சா டான் ஸ்டேலியையும் தெரியும். அந்த ஸ்டேலி இந்த ஊருக்கு வந்து ஃபைனல்ஸ் ஆடி தோத்துட்டுப் போனாங்கடான்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா, ஃபோனை எடுத்துத் தேடுறா, லீக்கோட பக்கத்துல ஒண்ணும் இல்ல, "அம்மா, அப்படி ஒண்ணு நடந்த மாதிரியே இல்லையே"ன்னு கேக்குறா. வேற இடத்துல தேடி எடுத்துக் காட்டுனேன், அப்புறம் வலேரி ஸ்டில் பேரை எழுதி வெச்சுக்கிட்டா.

அதனால நான் கேக்குறதைத் திரும்ப நேராச் சொல்லிடுறேன். ஏபிஎல்லோட ரெண்டரை சீசன் கணக்கையும் அதுக்குன்னு தனி வரி போட்டு உங்க அதிகாரபூர்வ ரெக்கார்டுல ஏத்துங்க, சாம்பியன் பட்டியல்ல 1997, 1998க்கு ஹூஸ்டன் பக்கத்துலயே கொலம்பஸ் குவெஸ்ட் பேரும் ஏபிஎல்னு குறிப்போட இருக்கட்டும். 1978ல இருந்து 1981 வரைக்கும் நடந்த டபிள்யூபிஎல்ங்கற பெண்கள் ப்ரோ லீக்குக்கும் இதே மரியாதை வேணும், அந்த லீக் ஆளுங்களை ஹால் ஆஃப் ஃபேம் 2018லயே கௌரவிச்சாச்சு, நீங்கதான் பாக்கி. போர்ட்லாண்டுக்கு டீம் குடுத்தீங்க, போர்ட்லாண்ட் பவர் அங்க ஆடுனது. பிலடெல்பியாவுக்குப் போறீங்க, ரிச்மண்ட் ரேஜ் பிலடெல்பியா ரேஜா மாறி அங்கதான் ஆடுச்சு. நீங்க புதுசா போற ஊர்கள்ல சிலதுல இவங்க காலடி ஏற்கனவே பதிஞ்சிருக்கு, திறப்பு விழா அன்னிக்கு அந்தந்த ஊர் ஏபிஎல் ஆளுங்களைக் கூப்பிட்டு முன்வரிசைல உக்கார வைங்க. 2028ல கிளீவ்லாண்ட்ல முதல் ஹோம் மேட்ச் நடக்கும்போது ராக்கர்ஸ் ஆளுங்களோட குவெஸ்ட் ஆளுங்களும் கோர்ட் நடுவுல நிக்கணும், ஸ்பீக்கர்ல அவங்க பேரு ஒவ்வொண்ணா சொல்லணும், ஓஹாயோவோட ப்ரோ சாம்பியன்கள்னு.

இதுக்கு ஆள் இல்ல, நேரம் இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்தக் கால உள்ளூர் பேப்பர் எல்லாம் லைப்ரரில மைக்ரோஃபிலிம்ல இருக்கு, கொலம்பஸ் மேட்ச் பாக்ஸ் ஸ்கோரை உக்காந்து டைப் பண்ண நான் தயார், இங்க இருக்குற தமிழ் ஆளுங்கள்லயே டேட்டா வேலை பாக்குறவங்க வேணுங்கற அளவு இருக்காங்க, கேட்டா வருவாங்க. எந்த ஃபார்மேட்ல வேணும்னு மட்டும் சொல்லுங்க, பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
கொலம்பஸ்ல இருந்து ஒரு பாஸ்கெட்பால் ரசிகை